குழாய்ச் சீட்டில் இல்லாதவை: மூளைச் சிதைவு ஆய்வுக்கான புரதங்கள்

"ஆல்ஃபா சைனியூக்ளின், மனித வகை, 1 மில்லிகிராம்." குழாயின் மேல் ஒட்டியிருக்கும் இந்தச் சீட்டில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சோதனையைத் தீர்மானிக்கும் விவரம் எதுவும் அதில் இல்லை. பெயர் சொல்வது அமினோ அமில வரிசையை மட்டும்தான். உள்ளே கிடப்பது தனி மூலக்கூறுகளா, சிறு திரள்களா, முழு இழைகளா, அந்த இழைகள் எவ்வளவு நீளம், பாக்டீரியாவின் நச்சு எவ்வளவு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பதெல்லாம் வேறு கணக்கு. பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களில் புரதம் மடங்கும் விதம்தான் நோய். அதனால் இந்தத் துறையில் புரதத்தின் பெயரைவிட அது நடந்துவந்த பாதை முக்கியம். இரண்டு ஆய்வகங்களின் முடிவுகள் ஒத்துப்போகாதபோது காரணம் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் எங்கோ ஒளிந்திருக்கும்.

ஆல்ஃபா சைனியூக்ளினிலிருந்தே தொடங்கலாம். மற்றவற்றைவிட இதற்குச் செய்முறைகள் நன்றாகத் தேறியிருக்கின்றன. தவறுகளும் நன்றாகத் தெரிந்திருக்கின்றன. 1997இல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. பரம்பரைப் பார்க்கின்சன் நோய் கொண்ட குடும்பங்களில் இந்தப் புரதத்தின் 53ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின் இருப்பது தெரிந்தது. அதே ஆண்டில், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் லூவி உருண்டைகளில் நிறைந்திருப்பது இந்தப் புரதமே என்பதும் தெரிந்தது. 140 அமினோ அமிலங்கள், 14,460 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) நிறை. டிரிப்டோபேன் இல்லை, சிஸ்டீன் இல்லை, அர்ஜினினும் இல்லை. டைரோசின் நான்கே நான்கு. இந்த "இல்லை"கள் எல்லாம் பின்னால் வரிசையாக வேலை காட்டும்.

பாக்டீரியாவில் வளர்த்தல்

வழக்கமான ஏற்பாடு ஈ.கோலை பி.எல்.21 (டி.இ.3) வகை பாக்டீரியாவும் டி7 தூண்டியுள்ள பிளாஸ்மிடும் (மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் கொண்டுசெல்லும் டி.என்.ஏ. வளையம்)தான். 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.6 முதல் 0.8 வரை வந்ததும் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஐ.பி.டி.ஜி. சேர்த்து (பெரும்பாலும் 1 மில்லிமோலார் வரை) 37 டிகிரியில் சில மணி நேரம் வளர்ப்பார்கள். இதில் சிக்கல் அதிகமில்லை, ஒன்றைத் தவிர.

136ஆவது இடத்தில் இருக்க வேண்டியது டைரோசின். மனித மரபணுவில் அதற்கான குறியீடு டி.ஏ.சி. இந்தக் குறியீட்டை ஈ.கோலை சில நேரம் தவறாகப் படித்து அங்கே சிஸ்டீனை வைத்துவிடுகிறது. சிஸ்டீனே இல்லாத புரதத்தில் ஒரு சிஸ்டீன் வந்துவிட்டால், இரண்டு மூலக்கூறுகள் கந்தகப் பாலம் போட்டு இரட்டையாகிவிடும். புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இந்த இரட்டை மூலக்கூறு தனிப் பட்டையாகத் தெரியும். "நோய்க்குக் காரணமான சிறு திரள் கிடைத்துவிட்டது" என்று யாராவது மகிழ்ந்தால், அது பாக்டீரியாவின் எழுத்துப்பிழையாக இருக்கலாம். தீர்வு எளிது: அந்தக் குறியீட்டை டி.ஏ.டி. என்று மாற்றிவிட வேண்டும். அமினோ அமிலம் மாறாது, பிழை போய்விடும். பழைய பிளாஸ்மிடைக் கைமாற்றிக் கைமாற்றிப் பயன்படுத்தும் ஆய்வகங்கள் இதை வரிசைப்படுத்திப் பார்த்துவிடுவது நல்லது. நிறைமானியில் பார்த்தாலும் தெரியும்: 14,460க்குப் பக்கத்தில் 60 டால்டன் குறைவாக 14,400இல் ஒரு சிறு உச்சம் நின்றால் அதுதான்.

அதே நிறைமானியில் 16 டால்டன் கூடுதலாக உச்சம் நின்றால் மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. இந்தப் புரதத்தில் மெத்தியோனின் நான்கு இடங்களில் இருக்கிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இழையாகும் வேகம் குறையும். இன்னொன்று: மனித உயிரணுவில் இந்தப் புரதத்தின் தலைப்பகுதி அசெட்டைல் குழு ஏந்தியிருக்கும், பாக்டீரியா அதைச் செய்வதில்லை. தேவைப்படுவோர் ஈஸ்ட்டின் நேட்-பி நொதியையும் சேர்த்து வளர்க்கிறார்கள். அப்போது நிறை 42 டால்டன் கூடும். கொழுப்புப் படலத்தோடு புரதம் ஒட்டுவதைப் பற்றிய ஆய்வு என்றால் இந்த வேறுபாட்டை ஒதுக்க முடியாது.

கொதிக்க வைத்தும் கெடாத புரதம்

பெரும்பாலான புரதங்களைக் கொதிக்க வைத்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்துவிடும். ஆல்ஃபா சைனியூக்ளினுக்கு நிலையான மடிப்பு கிடையாது. குலைவதற்கு அதில் எதுவும் இல்லை. அதனால் பாக்டீரியாவை உடைத்த கலவையை 95 முதல் 100 டிகிரியில் 15, 20 நிமிடம் வைத்தால் மற்றவை திரிந்து அடியில் படியும், இது மட்டும் மேலே கரைந்து நிற்கும். இந்த ஒரே படியில் தூய்மை கிடுகிடுவென ஏறுகிறது. குழாயின் நடுப்பகுதி உண்மையில் சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். 50 மில்லிலிட்டர் குழாயை நிரம்ப ஊற்றிக் கொதிநீரில் வைத்தால் உள்ளே வெப்பம் ஏற நேரமாகும், அதற்குள் புரதங்களை வெட்டும் நொதிகள் வேலையைக் காட்டிவிடும். கொதிக்க வைப்பது பிடிக்காதவர்கள் சவ்வூடுபரவல் அதிர்ச்சி கொடுத்து பாக்டீரியாவின் வெளியுறையிடைப் பகுதியிலிருந்து மென்மையாக எடுக்கிறார்கள்.

அடுத்து டி.என்.ஏ. வெளியேற வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் ஸ்ட்ரெப்டோமைசின் சல்ஃபேட் சேர்த்தால் டி.என்.ஏ. வீழ்படிவாகிவிடும். பிறகு மில்லிலிட்டருக்கு சுமார் 0.36 கிராம் அம்மோனியம் சல்ஃபேட் சேர்த்துப் புரதத்தை வீழ்த்தி, கரைத்து, உப்பை நீக்கி, எதிரயனிப் பரிமாற்றக் காலத்தில் ("column", புரதங்களைப் பிரிக்கும் பொருள் அடைத்த குழாய்) ஏற்றுகிறார்கள். பி.எச். 8இல் புரதம் எதிர்மின்னூட்டத்தோடு காலத்தில் ஒட்டிக்கொள்ளும். சோடியம் குளோரைடைப் படிப்படியாக ஏற்றினால் ஏறத்தாழ 300 மில்லிமோலாரில் இறங்கும். அம்மோனியம் சல்ஃபேட் மிச்சம் இருந்தால் புரதம் ஒட்டாமல் நேராக வழிந்தோடிவிடும். காலம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் உப்புக் கடத்தலை ஒரு முறை அளந்து பார்க்கலாம்.

கடைசியாக அளவு வாரியாகப் பிரிக்கும் காலம். இங்கே பலர் குழம்புவார்கள். 14 கிலோடால்டன் புரதம் 50, 60 கிலோடால்டன் உருண்டைப் புரதம் வர வேண்டிய இடத்தில் இறங்கும். மடிப்பில்லாத சங்கிலி பரந்து கிடப்பதால் காலத்தின் கண்ணுக்கு அது பெரியதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இது நான்கு மூலக்கூறுகள் சேர்ந்த கூட்டா, பரந்து கிடக்கும் ஒற்றையா என்று 2011க்குப் பிறகு பெரிய விவாதமே நடந்தது. காலத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அந்த விவாதத்தில் யாரும் பக்கம் எடுக்க முடியாது; ஒளிச்சிதறல் வழியாக நிறையை நேரடியாக அளப்பது வேண்டும்.

எவ்வளவு இருக்கிறது?

அர்ஜினின் இல்லாத புரதத்தை பிராட்ஃபோர்டு முறையில் அளப்பது வீண் வேலை. அந்தச் சாயம் முக்கியமாக ஒட்டுவதே அர்ஜினினில்தான். அளவு குறைத்துக் காட்டும். பி.சி.ஏ. முறை பரவாயில்லை. தூய புரதத்துக்கு 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலே நல்லது. நான்கு டைரோசினுக்கான உறிஞ்சல் கெழு 5,960; மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைசல் 0.41 காட்ட வேண்டும். டிரிப்டோபேன் இல்லாததால் இந்த எண் சிறியது. எனவே கொஞ்சம் டி.என்.ஏ. மிச்சம் இருந்தாலும் அளவு தாறுமாறாகும். 280ஐ மட்டும் படிக்காமல் 240 முதல் 340 வரை முழு வளைவையும் எடுத்துப் பாருங்கள். 260இல் உறிஞ்சல் 280ஐவிட உயர்ந்து நின்றால் டி.என்.ஏ. இருக்கிறது. புரதமே உறிஞ்சாத 320க்கு மேலும் உறிஞ்சல் இருந்தால் அது திரள்களின் ஒளிச்சிதறல். "தனி மூலக்கூறு" என்று நம்பியிருப்பதில் ஏற்கெனவே கட்டி விழத் தொடங்கிவிட்டது.

அளவில் வரும் பிழை இங்கே வெறும் கணக்குப் பிழையாக நிற்காது. இழை உருவாகும் வேகம் செறிவைப் பொறுத்து மாறும். செறிவு கால்பங்கு தவறினால், அதை வைத்து எழுதிய "இந்த மருந்து இழையாவதைத் தாமதப்படுத்துகிறது" என்ற வரியும் ஆட்டம் காணும்.

எண்டோடாக்சின்

எண்டோடாக்சின் என்பது ஈ.கோலையின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சு; அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கடைசிக் குழாய் வரை வரும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சோதனைக் குழாய்க்குள் இழை வளர்ப்பவர்களுக்கு இதனால் தொல்லை குறைவு. மூளையின் நோயெதிர்ப்பு உயிரணுக்களான மைக்ரோக்லியாவின் மேல் புரதத்தை ஊற்றி அழற்சியை அளப்பவர்களுக்கோ இதுதான் முதல் எதிரி: அழற்சியைத் தொடங்கிவைக்கும் டி.எல்.ஆர்.4 ஏற்பி எதைக் கண்டு கூச்சலிடுகிறது, சைனியூக்ளினையா, பாக்டீரியாவின் கழிவையா?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1 எண்டோடாக்சின் அலகு ஏறத்தாழ 0.1 நானோகிராம் லிப்போபாலிசாக்கரைடு. மைக்ரோகிராமுக்கு 1 அலகு உள்ள புரதத்தை மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வீதம் ஊற்றினால் உயிரணுக்களுக்குப் போவது மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம். மைக்ரோக்லியாவைத் தூண்ட இதுவே போதும். நீக்குவதற்குப் பழகிய வழி ட்ரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்பு: 1 சதவீதம் சேர்த்து 4 டிகிரியில் நன்றாகக் கலக்கி, 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் கரைசல் இரண்டாகப் பிரியும். எண்டோடாக்சின் கீழே சோப்புப் படலத்தோடு போய்விடும். இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு மிஞ்சிய ட்ரைட்டானையும் நீக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே உயிரணுக்களைக் கொல்லும். எண்டோடாக்சினை நீக்குவதும், அதை அளக்கும் லிமுலஸ் சோதனையைச் செய்வதும் தனி மூலக்கூறு நிலையிலேயே நடக்கட்டும். இழையான பிறகு எண்டோடாக்சின் இழைக்குள் சிக்கிக்கொண்டு அளவீட்டுக்கு அகப்படாமல் போகலாம். இதையெல்லாம் செய்தாலும், அதே அளவு லிப்போபாலிசாக்கரைடை மட்டும் ஊற்றிய ஒரு கட்டுப்பாட்டுக் கிணறு (சோதனைத் தட்டின் குழி) இல்லாத அழற்சிச் சோதனையை நம்புவது கடினம்.

இழை வளர்த்தல்

முன்கூட்டியே வளர்த்துவைக்கும் இழைகளை ஆய்வகங்களில் பி.எஃப்.எஃப். என்றே சொல்கிறார்கள். இவற்றை நரம்பணுவின் மேல் ஊற்றினால், உயிரணுவுக்குள் இருக்கும் இயல்பான சைனியூக்ளினும் அவற்றைப் பார்த்து மடங்கித் திரள்கிறது. 2011இல் வளர்ப்பு நரம்பணுக்களிலும், 2012இல் சாதாரண எலியின் மூளையிலும் இது காட்டப்பட்ட பிறகு இந்த முறை உலகமெங்கும் பரவியது.

செய்முறை கேட்க எளிது. தனி மூலக்கூறுக் கரைசலை முதலில் புவியீர்ப்பைப்போல் 1,00,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுழற்றி, ஏற்கெனவே இருக்கும் திரள்களை நீக்க வேண்டும். மேலிருப்பதை பாஸ்பேட் உப்புக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராமாக, அதாவது ஏறத்தாழ 350 மைக்ரோமோலாராக வைத்து, 37 டிகிரியில் நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் 7 நாள் குலுக்க வேண்டும். தெளிந்த கரைசல் கலங்கும். மூடியில் நீர் கோத்துக்கொண்டால் செறிவு மாறிவிடும் என்பதால் மூடியும் சூடாகும் குலுக்கி நல்லது. குழாயில் எவ்வளவு காற்றிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில்தான் திரளல் பெரும்பாலும் தொடங்குகிறது. எனவே 200 மைக்ரோலிட்டரில் வேலை செய்த முறை 1 மில்லிலிட்டரில் அப்படியே வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே குழாய், ஒரே கொள்ளளவு.

கரைசலின் உப்பு இன்னும் ஆழமாக விளையாடுகிறது. அதே புரதம் 150 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு உள்ள கரைசலில் உருளை இழையாகவும், உப்பு மிகக் குறைந்த 5 மில்லிமோலார் டிரிஸ் கரைசலில் தட்டையான நாடாவாகவும் வளர்கிறது. இரண்டின் உள்ளமைப்பும் வேறு, உயிரணுக்களில் விளைவும் வேறு. நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்த இழைகளின் வடிவம் குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்த பிறகு, குழாயில் வளர்த்த வழக்கமான இழைகள் அவற்றை ஒத்திருக்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஆகவே பி.எஃப்.எஃப். திரளலைத் தூண்டும் கருவி. பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் இருக்கும் பொருள் அதுவல்ல. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதப்படும் முடிவுரைகள் அளவுக்கு மீறிப் பேசுகின்றன.

ஏழாம் நாள் முடிந்ததும் மூன்று கேள்விகள். இழையோடு ஒட்டினால் ஒளிரும் சாயமான தயோஃப்ளேவின்-டி ஒளிர்கிறதா? 450 நானோமீட்டரில் தூண்டி 485க்குப் பக்கத்தில் படிக்க வேண்டும். மொத்தத்தில் எவ்வளவு இழையாகியிருக்கிறது? மீண்டும் 1,00,000 மடங்கு விசையில் சுழற்றி, மேலே தங்கியதையும் அடியில் படிந்ததையும் ஜெல்லில் ஓட்டினால் பெரும்பகுதி அடியில் இருக்க வேண்டும். கண்ணுக்கு எப்படி இருக்கிறது? யுரேனில் அசிடேட் பூசி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. தயோஃப்ளேவின் ஒளிர்வு இழையின் வடிவத்தைப் பொறுத்து மாறுவதால், இரண்டு மடங்கு ஒளி என்றால் இரண்டு மடங்கு இழை என்று பொருளல்ல. சுழற்றிப் பிரிப்பது இழையையும் உருவமற்ற கட்டியையும் வேறுபடுத்தாது. நுண்ணோக்கியோ வலையில் ஒட்டியதை மட்டுமே காட்டும்.

உருக்குதலும் உடைத்தலும்

சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் சத்தமில்லாமல். இழைகளைச் சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறார்கள். எடுத்து உருக்கும்போது புரதங்களுக்குப் பழகிய கை தானாகப் பனிக்கட்டியைத் தேடும். சைனியூக்ளின் இழைகளுக்கு அது ஆகாது: உறைநிலைக்கு அருகில் இந்த இழைகள் அவிழ்ந்து தனி மூலக்கூறுகளாகப் பிரியக்கூடும். அறை வெப்பத்தில் உருக்கி, அறை வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

நீண்ட இழை கிட்டத்தட்ட எதையும் செய்யாது. உயிரணு அதை உள்ளே இழுக்காது. திரளலைத் தொடர்வதற்கான முனைகளும் அதில் குறைவு. ஒலி அலையால் 50 நானோமீட்டர் அல்லது அதற்கும் குறைவான துண்டுகளாக உடைத்த பிறகே வேலை செய்யும். ஊசிமுனை சோனிகேட்டரில் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமாக நீர்த்த கரைசலுக்குப் பத்து சதவீத ஆற்றலில் அரை விநாடித் துடிப்புகள் அறுபது என்பது பரவலான தொடக்க அளவு. ஆனால் "பத்து சதவீதம்" என்பது கருவிக்குக் கருவி வேறு. முனை மேற்பரப்புக்கு அருகில் இருந்தால் நுரைக்கும். நுரைத்தால் ஆற்றல் இழைக்குப் போகாது. முனை தேய்ந்தால் அதே எண்ணில் உடைப்பு குறையும். ஆகவே ஒவ்வொரு முறையும் துண்டின் அளவை இயங்கு ஒளிச்சிதறலிலாவது பார்க்க வேண்டும். புதிய தொகுதியோ புதிய சோனிகேட்டரோ வந்தால் நுண்ணோக்கியில் நூற்றுக்கணக்கான துண்டுகளை அளந்து பரவல் வரைபடம் போட்டுவைக்க வேண்டும். மூடிய குழாயை வெளியிலிருந்தே அதிரவைக்கும் கிண்ண வகை சோனிகேட்டர் இருந்தால் காற்றில் துளி பறக்காது, தொகுதிக்குத் தொகுதி மாறுபாடும் குறையும்.

உயிரணுவின் மேல்

எலியின் ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்களை ஐந்து முதல் ஏழு நாள் வளர்த்த பிறகு மில்லிலிட்டருக்கு 1 அல்லது 2 மைக்ரோகிராம் ஊற்றுவது வழக்கம். நான்கு நாளில் ஆக்சான்களில் சிறு புள்ளிகள் தெரியும். 129ஆவது செரினில் பாஸ்பேட் ஏறிய சைனியூக்ளினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளால் இதைப் பார்க்கிறார்கள். குழாயில் வளர்த்த இழையில் அந்தப் பாஸ்பேட் இல்லை என்பதால், ஒளிர்வது உயிரணுவின் சொந்தப் புரதம்தான் என்று சொல்ல முடிகிறது. ஏழு முதல் பத்து நாளில் உயிரணு உடலிலும் திரள்கள் வரும். இரண்டு வாரத்தில் நரம்பணுக்கள் சாகத் தொடங்கும்.

ஒன்றுமே தெரியவில்லை என்றால் முதலில் துண்டின் நீளத்தைச் சந்தேகிக்க வேண்டும், அடுத்து இனத்தை. எலியின் சைனியூக்ளினும் மனிதனுடையதும் ஏழு இடங்களில் வேறுபடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், மனிதனுக்கு நோய் தரும் 53ஆவது இடத்துத் திரியோனின் எலிக்கு இயல்பானது. எலி நரம்பணுவைத் தூண்ட எலி இழைதான் சிறப்பாக வேலை செய்கிறது. பிறகு நரம்பணுவின் வயது: மிக இளம் நரம்பணுவில் சைனியூக்ளின் குறைவு, விதைக்கு (திரளலைத் தொடங்கிவைக்கும் இழைத் துண்டுக்கு) வேண்டிய இரை இல்லை. கட்டுப்பாடாக அதே அளவு தனி மூலக்கூறும், சைனியூக்ளின் மரபணு நீக்கப்பட்ட எலியின் நரம்பணுவும் இருக்க வேண்டும். இரண்டாவதில் ஒளிர்வு வந்தால் எதிர்ப்பொருள் வேறெதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். பாஸ்பேட் ஏறிய நரம்பிழைப் புரதங்களை இப்படித் தவறாகப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டு.

அமிலாய்டு பீட்டா, டாவ்

அல்சைமர் நோயில் திரளும் அமிலாய்டு பீட்டாவின் குணம் நேரெதிர். சைனியூக்ளினை ஏழு நாள் குலுக்கித் திரளவைக்க வேண்டும். 42 அமினோ அமிலமுள்ள அமிலாய்டு பீட்டாவைத் திரளாமல் தடுப்பதே பாடு. செயற்கையாகத் தொகுத்த பொடியில் ஏற்கெனவே விதைகள் இருக்கும். பொடியின் எடையும் முழுக்கப் புரதமல்ல. உப்பும் ஈரமும் சேர்ந்தது. ஹெச்.எஃப்.ஐ.பி. கரைப்பானில் 1 மில்லிமோலாராகக் கரைத்து, காற்றோட்டப் பெட்டிக்குள் ஆவியாக்கி, மெல்லிய படலமாக்கி வைப்பது பழைய வழி. படலத்தில் அந்தக் கரைப்பான் சிறிது தங்கினாலும் திரளல் வேகமாகும். இரவு முழுக்க ஆவியாக விட்டு, வெற்றிடத்திலும் சிறிது நேரம் வைக்க வேண்டும். திரளல் வேகத்தைத் துல்லியமாக அளப்பவர்கள் இதை நம்புவதில்லை. 6 மோலார் குவானிடினில் கரைத்து, அளவுப் பிரிப்புக் காலத்தில் பி.எச். 8இல் ஓட்டி, உச்சத்தின் நடுப்பகுதியை மட்டும் பனிக்கட்டியில் சேகரித்து அன்றே பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒரு டைரோசின் என்பதால் 10 மைக்ரோமோலாரில் உறிஞ்சல் வெறும் 0.015, தளக்கோடு சற்றே சாய்ந்தாலும் அளவு போச்சு. சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு காணாமலும் போகும். புரதம் ஒட்டாத பூச்சுள்ள தட்டு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். "ஆலிகோமர்" (சிறு திரள்) என்று பெயரிட்டு விற்கப்படுவதையோ வெளியிடப்படுவதையோ படிக்கும்போது, எப்படிச் செய்தது, எத்தனை மணி நேரத்தில் பயன்படுத்தியது என்று தேடுங்கள். அது நிலையான பொருளல்ல. வழியில் எடுத்த படம்.

அல்சைமரில் திரளும் இன்னொரு புரதமான டாவுக்கு மூளையில் ஆறு வடிவங்கள், 352 முதல் 441 அமினோ அமிலம் வரை. நீண்டது 46 கிலோடால்டன். ஆனால் ஜெல்லில் 60க்கு மேல் ஓடும். இதையும் கொதிக்க வைத்துத் தூய்மையாக்கலாம். 291, 322ஆம் இடங்களில் சிஸ்டீன் இருப்பதால் டி.டி.டி. போன்ற ஒடுக்கி இல்லாமல் வைத்தால் தவறான பாலங்கள் உருவாகும்.

டாவ் தானாகத் திரளாது என்பதால் ஹெப்பாரின் என்ற எதிர்மின்னூட்டச் சர்க்கரைச் சங்கிலியைச் சேர்த்துத் திரளவைப்பது பல ஆண்டுப் பழக்கம். இதில் இரண்டு ஓட்டைகள். அல்சைமர் மூளையிலிருந்து எடுத்த டாவ் இழையின் அமைப்பு 2017இல் வெளியானது. ஹெப்பாரின் இழைகள் அதிலிருந்து வேறுபட்டவை என்பது 2019இல் தெரிந்தது. இரண்டாவது ஓட்டை நடைமுறையில் கடிப்பது: டாவ் இழை உயிரணுவுக்குள் நுழைவது மேற்பரப்பிலுள்ள ஹெப்பாரன் சல்ஃபேட்டைப் பிடித்துக்கொண்டுதான். கரைசலில் மிஞ்சிய ஹெப்பாரின் அந்தப் பிடியைத் தடுக்கும். சுழற்றிக் கழுவாமல் ஊற்றினால், வலுவான விதையும் செத்ததுபோல் தெரியும். 2022இல் 297 முதல் 391 வரையிலான துண்டை, ஹெப்பாரின் இல்லாமல், சரியான உப்பிலும் குலுக்கலிலும் வைத்தால் அல்சைமர் இழையின் வடிவமே கிடைக்கும் என்று காட்டப்பட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஹெப்பாரினிலேயே நிற்கக் காரணம் அதிகமில்லை. திரளும் இன்னொரு புரதமான டி.டி.பி.-43 பற்றி ஒரு வரி: மால்டோஸ் பிணைப்புப் புரதத்தின் வாலைக் கட்டிக் கரையவைத்து, சோதனைக்குச் சற்று முன் டி.இ.வி. நொதியால் வெட்டுவதே வழக்கம். வெட்டிய கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் உள்ள மிகச் சிறிய அளவு விதையைப் பெருக்கிக் கண்டறியும் சோதனையில் இந்தப் புரதங்களின் தரம் நேரடியாகத் தீர்ப்பு எழுதுகிறது. கிணற்றில் தூய சைனியூக்ளின், 10 மைக்ரோமோலார் தயோஃப்ளேவின், 0.8 மில்லிமீட்டர் மணிகள். 42 டிகிரியில் ஒரு நிமிடம் குலுக்கல், ஒரு நிமிடம் ஓய்வு. விதை இருந்தால் ஒளிர்வு சீக்கிரம் ஏறும். தொகுதியில் ஏற்கெனவே சிறு திரள் இருந்தால் நலமானவரின் மாதிரியும் ஏறும். அதனால்தான் சேர்ப்பதற்குச் சற்று முன் 100 கிலோடால்டன் வடிகட்டியில் வடிகட்டுகிறார்கள். ஒவ்வொரு புதிய தொகுதியையும் விதையில்லாக் கிணறுகளில் முழு நேரமும் ஓடவிட்டு, எப்போது தானாக ஏறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பழைய தொகுதி தீரும் முன்பே புதியதை அதனோடு பக்கத்தில் வைத்து, தெரிந்த மாதிரிகளில் ஒப்பிட வேண்டும். தீர்ந்த பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

மேசையைத் துடைப்பதிலும் ஒரு பழக்கத்தை விட வேண்டும். எத்தனால் இழையை அழிக்காது, நன்றாக உலர்த்தி ஒட்டவைக்கும். 1 சதவீத எஸ்.டி.எஸ். சோப்புக் கரைசலால் துடைத்து, பிறகு நீரால் துடைக்க வேண்டும்; சோனிகேட்டர் முனை, பிப்பெட்டின் வெளிப்புறம், சுழற்றியின் உட்புறம் எல்லாவற்றுக்கும் இதுவேதான். மருத்துவமனைப் பழக்கத்தில் பிளீச் எடுப்பவர்கள், பிளீச்சையும் எஸ்.டி.எஸ்.ஸையும் ஒரே கழிவுக் குடுவையில் கலக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். தனி மூலக்கூறுக்கு ஒரு பிப்பெட், இழைக்கு வேறு பிப்பெட்; முடிந்தால் வேறு அறை. தூய்மையான கட்டுப்பாட்டுக் கிணறுகள் திடீரென்று ஒளிரத் தொடங்கினால், புரதத்தை மாற்றும் முன் பிப்பெட்டை மாற்றிப் பாருங்கள்.